எரியும்போதுதான் முழுமையாகும் சிற்பம்: யூவட்கிராந்தே நாணல் உருவங்களும் சமநாள் நெருப்பும்

லிதுவேனியாவின் கடலோரத்தில், பால்டிக் கடலையும் குர்ஷ் காயலையும் பிரித்துக்கொண்டு 98 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு ஓடுகிறது. வடபாதி லிதுவேனியாவுக்கு, தென்பாதி ரஷ்யாவின் கலினின்கிராத் மாநிலத்துக்கு. லிதுவேனியப் பக்கத்தில் யூவட்கிராந்தே என்றொரு சிற்றூர். அதன் வடகோடியில் காயல் கரைக்குள் வளைந்து நுழையும் இடத்துக்கு ஆம்பர் விரிகுடா என்று பெயர். அங்கே தண்ணீருக்குள் நாணலால் கட்டிய பெரிய உருவங்கள் நிற்கும். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி ஒரு மாலையில் அவற்றுக்குத் தீ வைப்பார்கள். சிற்பக் காட்சியும் நிகழ்த்துகலையும் ஒன்றாகும் மாலை அது.

பார்க்கத் தகுந்ததா என்றால், கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அதே நாள் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இருட்டிய பின் நெருப்பில் ஒருமுறை, இரண்டும் பார்க்க வேண்டும். பகலில் மட்டும் பார்ப்பவருக்கு இது அழகான நாணல் பொம்மை. இரவில் மட்டும் வருபவருக்கு இது பெரிய சொக்கப்பனை நெருப்பு. எந்த உருவத்தை எப்படிக் கட்டினார்கள் என்று பகலில் கண்டு வைத்தவருக்குத்தான், இரவில் அது ஏன் அப்படி எரிகிறது என்பது புரியும். இந்தக் கலையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பொருள். காயல் நாணலை அறுக்கத் தோதான காலம் கடுங்குளிர்காலம். இலை உதிர்ந்து, தண்டு காய்ந்து பொன்னிறமாகியிருக்கும். நீர் உறைந்துவிட்டால் பனிக்கட்டியின் மேல் நின்றே அறுக்கலாம். கோடையில் பச்சையாக அறுத்தால் இரண்டு கேடு. தண்டு காயக்காயச் சுருங்கி, இறுக்கிக் கட்டிய கட்டு ஒரு மாதத்தில் தொளதொளத்துவிடும். இலையோடு சேர்த்துக் கட்டிய கற்றைக்குள் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். நாணல் கூரை வேய்பவர்கள் ஈரப்பதம் 18 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டை ஏற்க மாட்டார்கள். அந்த அளவுகோல் இங்கேயும் செல்லும். அவர்கள் பேசும் கட்டு சுமார் 60 செ.மீ. சுற்றளவு கொண்டது. ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான உருவத்துக்கு இப்படிப்பட்ட கட்டுகள் பத்துக் கணக்கில் போகும்.

உள்ளே மரச்சட்டகம். நீருக்குள் நிற்பதால் தூண்களை அடிமணலில் ஆழமாக இறக்க வேண்டும். காயலில் அலை சிறியது. ஆனால் காற்று பெரியது. நாணல் போர்த்திய உருவம் பாய் கட்டிய படகு போலக் காற்றை வாங்கும். தூண்களை ரீப்பர் கட்டைகளால் குறுக்கே இணைத்து, அதன்மேல் கற்றைகளை 25 முதல் 30 செ.மீ. இடைவெளியில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். சணல் கயிறு கண்ணுக்கு அழகுதான். ஆனால் நெருப்பில் முதலில் அறுவது அதுதான். அது அறுந்தால் கற்றை முழுசாக நழுவித் தண்ணீரில் விழுந்து அணைந்துவிடும். கம்பி கட்டிய உருவம் சாம்பலாகும் வரை இடத்திலேயே நிற்கும். பொருள் இயற்கையாகவே இருக்க வேண்டும் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் எரியும் இரவில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

பகலில் போகும்போது கவனிக்க வேண்டியது சரிவு. நாணல் கூரைக்குக் குறைந்தது 45 பாகைச் சரிவு வேண்டும் என்பது தொழில் விதி. அதற்குக் குறைந்தால் நீர் வழியாமல் தங்கும். உருவங்களுக்கும் இதே விதிதான். நிமிர்ந்து நிற்கும் உடல், கூம்பு, தீச்சுடர் வடிவம் எல்லாம் மாதக்கணக்கான மழையையும் பனியையும் உதறிவிடும். விரித்த இறக்கையின் மேற்புறம், மீனின் முதுகு, படகின் தளம் இவையெல்லாம் நனைந்து ஊறும். தண்டு வெளுத்து ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் உள்ளே அழுகல். மாலையில் அந்த இடம் எரியாமல் வெள்ளைப் புகை கக்கும். அடிப்பாகத்தையும் பாருங்கள். நாணல் நேரடியாக நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் மேலேறியிருக்கும். அனுபவமுள்ள கைகள் நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு சாண் இடைவெளி விட்டுத்தான் போர்வையைத் தொடங்கும்.

இனி நெருப்பு. கற்றையை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கலைஞரின் தேர்ச்சி வெளிப்படும். மிக இறுக்கினால் உள்ளே காற்று போகாது. தோல் மட்டும் கருகி, உருவம் கரிக்கட்டையாக நின்றுவிடும். தளர விட்டால் இரண்டே நிமிடத்தில் குப்பென்று எழுந்து, பாட்டு முடிவதற்குள் தீர்ந்துபோகும். நன்றாகக் கட்டிய உருவம் பத்து நிமிடம் அளவுக்கு நின்று எரியும். அதற்கு நடுவில் வெற்றிடம் வேண்டும். அடியில் காற்று வரும் பக்கம் வாய், உச்சியில் திறப்பு, இடையில் குழாய் போன்ற உடல். உருவமே புகைபோக்கி ஆகிவிடுகிறது. தீயைக் காற்று வரும் பக்கத்து அடியில் வைத்தால் உள்ளே இழுவை பிடித்து உச்சிவரை ஒரே மூச்சில் ஏறும். எதிர்ப்பக்கம் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் தின்று, சட்டகம் சமநிலை இழந்து, உருவம் பாதியில் சாயும்.

நாணல் தண்டு கணுக்கணுவாக மூடியது. சூட்டில் உள்காற்று விரிந்து கணுவிடை ஒவ்வொன்றும் மூங்கில் போல வெடிக்கும். அந்தச் சடசடப்பைக் கேட்காமல் போனால் நிகழ்ச்சியில் பாதியை இழந்ததாக அர்த்தம். அதனால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காமல் விரிகுடாவின் மறுமுனைக்குப் போய்விடுவது நல்லது.

எல்லாவற்றிலும் சிறந்த கணம் ஒன்று உண்டு. நாணல் போர்வை எரிந்து உதிர்ந்தபின், சட்டகம் மட்டும் தணலாக நிற்கும் ஒன்றிரண்டு நிமிடங்கள். வெளியுருவம் பறவையாக இருந்திருக்கலாம்; இப்போது இருட்டில் சிவந்த கோடுகளால் வரைந்த வேறொன்று நிற்கிறது. சட்டகத்தையும் ஒரு சிற்பமாகவே நினைத்துச் செய்தவர் யார், கிடைத்த கட்டைகளை முட்டுக்கொடுத்து ஒப்பேற்றியவர் யார் என்பது அப்போது மறைவின்றித் தெரிந்துவிடும். பகலில் சுமாராகத் தோன்றிய ஓர் உருவம் இந்த நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிடுவதுண்டு. கீழே காயலில் அதே வடிவம் தலைகீழாக நடுங்கும். உருவங்களை நீரில் நிறுத்துவதற்குப் பாதுகாப்பும் ஒரு நல்ல காரணம். சுற்றிலும் பைன் காடு, தீப்பொறி பறந்தால் ஊருக்கே ஆபத்து. ஆனால் கலையாகவும் அந்த நீர்தான் பாதி வேலையைச் செய்கிறது.

இந்த இடத்துக்கும் பழைய பால்டிக் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு ஏதோ சுற்றுலாவுக்காக ஒட்டவைத்ததல்ல. 1860களிலிருந்து ஷ்டான்டீன், பெக்கர் நிறுவனம் இந்த விரிகுடாவில்தான் தூர்வாரும் இயந்திரங்களை இறக்கி ஆம்பர் எடுத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மரப்பிசின் இறுகி உண்டானது ஆம்பர். சேற்றோடு சேர்ந்து வந்தவை வெறும் கட்டிகள் மட்டுமல்ல. கற்கால மனிதர்கள் செதுக்கிய மணிகள், பதக்கங்கள், தட்டையான மனித உருவங்கள். புவியியலாளர் ரிச்சர்ட் கிளெப்ஸ் 1882இல் வெளியிட்ட பட்டியலில் 434 பொருட்கள். பெரும்பாலானவை இரண்டாம் உலகப்போரில் தொலைந்துபோயின. எஞ்சிய சில ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அந்த மனித உருவங்களில் கண், மூக்கு, வாய், மார்புக்கு மேல் சில துளைகள், அவ்வளவுதான். குறைந்த கோட்டில் உருவம் காட்டும் அந்தச் சிக்கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாணல் உருவங்களைப் பாருங்கள். இறகு இறகாக நுணுக்கம் காட்ட முயன்றவை தோற்கின்றன. பெரிய வடிவமும் இரண்டு மூன்று திறப்புகளும் மட்டும் வைத்தவை நிற்கின்றன. நாணல் நுணுக்கத்துக்கு இணங்காத பொருள். வளைத்தால் கணுவில் முறியும்.

எது பழையது, எது புதியது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சமநாளில் நாணல் உருவங்களை எரிக்கும் வழக்கம் இக்காலத்தில் உருவானது. முற்காலத்துச் சடங்கை அப்படியே திரும்ப நடத்துவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நெருப்பின் மீதான மரியாதை பழையது. லிதுவேனியா 1387இல்தான் கிறித்தவத்தை ஏற்றது. மேற்கிலுள்ள ஜெமைத்தியா 1413இல். 1387க்குப் பத்து ஆண்டுகள் முன்னால், 1377இல் இறந்த பெருங்கோமான் அல்கிர்தஸின் உடலைக் குதிரைகளோடு சேர்த்து எரியூட்டினார்கள். மணல்திட்டுக்குப் பெயர் தந்த குர்ஷ் இனத்தாரும் ஒரு காலத்தில் இறந்தவர்களை எரித்தவர்களே. வீட்டு அடுப்பிலோ நெருப்புத் தெய்வமான கபியா இருந்தாள். இரவில் தணலைச் சாம்பலால் மூடுவதைக் கபியாவைப் படுக்க வைப்பது என்பார்கள். அவளுக்கு உப்பு இடுவார்கள். தீயில் எச்சில் துப்புவதும் காலால் மிதிப்பதும் கூடாது. இன்றைய சமநாள் மாலையிலும் இது பொருந்தும்: கையிலிருக்கும் காகிதக் கோப்பையையும் சிகரெட் துண்டையும் நெருப்பில் எறியாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு அது வழிபாடாக இருக்கலாம்.

வழிபாட்டையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரியான இடமல்ல. அவர்கள் ஜூன் மாதம், தலைநகர் வில்நியுஸிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரிலுள்ள கெர்னாவேக்குப் போக வேண்டும். சோவியத் காலத்திலேயே, 1967இல், அங்கே கோடைத் திருப்புமுனை இரவை, அதாவது ஆண்டின் மிகக் குறுகிய இரவை, மீண்டும் கொண்டாடத் தொடங்கினார்கள். அந்த வழியில் வளர்ந்த ரொமுவா சமூகம்தான் இன்று பழைய நம்பிக்கையைச் சமயமாகவே பின்பற்றுகிறது. கெர்னாவேயில் நீங்களும் வட்டத்தில் கைகோத்து நிற்பீர்கள். யூவட்கிராந்தேயில் கரையில் நின்று பார்ப்பீர்கள். அந்தத் தூரம் எங்களுக்குக் குறையாகப் படவில்லை. சிற்பத்தைச் சிற்பமாகப் பார்க்க அந்த இடைவெளி வேண்டியிருக்கிறது. வில்நியுஸிலும் சமநாளில் நெரிஸ் ஆற்றங்கரையில் வைக்கோல் உருவங்களை எரிக்கும் வழக்கம் உண்டு. போய்வருவதற்கு அதுதான் எளிது. ஆனால் வைக்கோல் மெலிது. வேகமாக மஞ்சளாக எரிந்து முடிந்துவிடும், நாணலின் வெடியோசை வராது. நகர வெளிச்சத்தில் தணல் கோடுகளும் எடுபடுவதில்லை.

நெருப்போடு சேர்ந்து பாட்டும் மேளமும் வரும் நிகழ்ச்சிகளில் ஒன்றை மட்டும் காத்திருந்து கேளுங்கள்: சுதர்த்தினேஸ். வடகிழக்கு லிதுவேனியாவில் பெண்கள் பாடிவந்த பல்குரல் பாட்டு இது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இரண்டு குரல்கள் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகும். ச-வும் ரி-யும் சேர்ந்து ஒலித்து, விலகாமல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் காது கூசும். இரண்டு குரலும் சம பலத்தில் இருந்தால் நடுவில் மணியடித்தது போன்ற ஓர் அதிர்வு பிறக்கும். அதற்காகத்தான் அந்தப் பாட்டே. ஒலிவாங்கி ஒரு குரலைத் தூக்கிக் கொடுத்தால் அந்த அதிர்வு போய்விடும். ஆகவே பாடகர்கள் வட்டமாக நின்று, ஒருவரையொருவர் பார்த்து, கருவி உதவியின்றிப் பாடினால் அருகே செல்லுங்கள். மேடையில் வரிசையாக நின்று பாடினால் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

சிற்பங்களைப் புரிந்துகொள்ளப் பகல் நேரத்தைச் செலவிட மூன்று இடங்கள். யூவட்கிராந்தேயிலேயே சூனியக்காரிகள் குன்று இருக்கிறது. 1979இல் தொடங்கி மரச்சிற்பிகள் செதுக்கிய சுமார் 80 உருவங்கள் காட்டுப் பாதையில் நிற்கின்றன. கதை சொல்லும் திறமை அபாரம். ஆனால் பேய்களும் சூனியக்காரிகளும் பல்லைக் காட்டும் பகுதி கொஞ்சம் மிகை. நீதா ஊரின் பழைய கல்லறையில் உள்ள கிரிக்ஷ்தை எனும் மரப்பலகைகள் நூறு மடங்கு அமைதியானவை. தலைமாட்டில் அல்லாமல் கால்மாட்டில் நடுவார்கள். பலகையின் ஓரத்தை வெட்டியே தேரை, பறவை, செடி வடிவம் வந்துவிடும். எதுவார்தஸ் யோனுஷஸ் போன்ற கலைஞர்கள் இவற்றை மீட்டெடுத்துச் சீர்செய்தார்கள். நாணல் உருவங்களில் நன்றாக அமைந்தவற்றின் தாய்வடிவம் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, நீதாவின் பார்நிதிஸ் மணல்மேட்டு உச்சியில் உள்ள சூரியக் கடிகாரம். 1995இல் நிறுவியது, 13.8 மீட்டர் உயரக் கருங்கல் தூண். 1999 டிசம்பர் சூறாவளி உடைத்துப்போட்டதை 2011இல் முழுமையாகச் சீரமைத்தார்கள். சமநாளன்று உங்கள் கைக்கடிகாரத்தில் 12 மணிக்கு அங்கே நின்றால் உச்சிப்பொழுது வந்திருக்காது. கோடைகால நேரமும் ஊரின் நெடுங்கோடும் சேர்ந்து, மதியம் சுமார் 1:30க்குத்தான் சூரியன் உச்சிக்கு வரும். அப்போதும் அது அடிவானிலிருந்து 35 பாகைக்கும் சற்றுக் குறைவான உயரத்தில்தான் இருக்கும். ஆக, அந்தத் தூணின் நிழல் சமதளத்தில் ஏறக்குறைய 20 மீட்டர் நீளும். அதைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் 30 கிலோமீட்டர் வடக்கே யூவட்கிராந்தே திரும்ப நேரம் தாராளம். சூரிய அஸ்தமனம் சுமார் 7:35. முழு இருட்டு சூழ மேலும் அரை மணிக்கு மேல் ஆகும்.

போகும் வழி: கிளைபேதா நகரிலிருந்து படகுத்துறை. நடந்து வருபவர்களுக்குப் பழைய துறை, கார்களுக்குப் புதிய துறை. அக்கரை ஸ்மில்தீனே. அங்கிருந்து யூவட்கிராந்தே சுமார் 20 கிலோமீட்டர். நீதா போகும் பேருந்து வழியில் நிற்கும். காரில் வந்தால், இவ்வூர்கள் அடங்கிய நேரிங்கா நகராட்சியின் எல்லையில் நுழைவுக் கட்டணம் உண்டு. ஒரே சாலைதான்; நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாக் கார்களும் அதில்தான் ஊர்ந்தாக வேண்டும். இரவுப் பேருந்தின் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். இல்லையேல் அன்றிரவு ஊரிலேயே தங்குவது உத்தமம். அதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறோம்.

நிற்க வேண்டிய இடத்தைக் காற்றுதான் தீர்மானிக்கும். விரிகுடா கிழக்கு பார்த்தது, கரை மேற்கே. மேற்குக் காற்று வீசினால் புகை காயலுக்கு மேல் போய்விடும். எங்கே நின்றாலும் நன்று. கிழக்குக் காற்றானால் புகையும் நாணல் சாம்பல் செதில்களும் நேராகக் கூட்டத்தின் மேல் வரும். அப்போது வடக்கு அல்லது தெற்கு ஓரத்துக்கு நகர்ந்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று தொலைவிலிருந்து பார்ப்பதே சரி. நைலான் மேலங்கி வேண்டாம், ஒரு பொறி போதும் ஓட்டை விழ. தடித்த பருத்தியோ கம்பளியோ போடுங்கள். செப்டம்பர் இறுதி இரவில் நீரோரக் குளிர் 10 டிகிரி அளவுக்கு இறங்கும். படம் எடுப்பவர்கள் கேமராவைத் தானியங்கி ஒளியமைப்பில் விட்டால் நெருப்பு வெள்ளைத் திட்டாகவே பதியும். ஒளியளவை இரண்டு படி குறைத்து வையுங்கள்; தணல் சட்டகம் வரும் நேரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

மழை பெய்தால்? சாரல் பெரிய தடையல்ல. நாணலின் வழுவழுப்பான தோலில் நீர் ஒட்டாது. இரண்டு நாள் தொடர்மழைதான் கெடுக்கும். அதைவிட மோசம் பலத்த காற்று. தீ ஏறாமல் பக்கவாட்டில் படுத்துவிடும். ஐந்து உருவங்களுக்கு ஒவ்வொன்றாகத் தீ வைக்க நினைத்த ஒழுங்கு குலைந்து, பக்கத்து உருவம் முறை வருமுன்னே பற்றிக்கொள்ளும். உருவங்களுக்கு நடுவே போதிய இடைவெளி விட்டிருக்கிறார்களா என்பதையும் பகலிலேயே பார்த்துவைக்கலாம். உயரத்தைவிட இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நின்றால்தான் ஒவ்வொன்றும் தன் முறைக்குத் தனியாக எரியும்.

தங்கச் சொன்னதற்கான காரணம் மறுநாள் காலை. சூரியோதயம் சுமார் 7:25. சமநாள் என்பதால் சூரியன் நேர்கிழக்கில், காயலுக்கு மேலேயே எழும். கருகிய தூண்களின் நிழல் தண்ணீரைத் தாண்டிக் கரைவரை நீண்டு கிடக்கும். முறுக்கிய கட்டுக்கம்பிகள் மட்டும் நேற்றைய உருவத்தின் வளைவை இன்னும் பிடித்துக்கொண்டு தொங்கும். கூட்டம் இருக்காது. கால் நனைக்க ஆசை வந்தாலும் இறங்காதீர்கள். அந்தக் கம்பியும் ஆணியும் அள்ளி முடிக்கும் வரை அடிமணலில்தான் கிடக்கும்.